குழந்தை குடிக்கும் தண்ணீர்

"சிஸ்டரம்மா, உள்ள தண்ணி ஜாஸ்தியா இருக்குன்னு ஸ்கேன்ல எழுதியிருக்காங்க. அத்தை அதைப் பாத்துட்டு அவளைத் தண்ணியே குடிக்க விட மாட்டேங்கறாங்க. ரெண்டு நாளா ஒரு சொம்புதான்."

குத்தம்பாக்கத்தில் எங்கள் தெருப் பெண்ணுக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு அழைத்து வந்து பத்து நாள்கூட ஆகவில்லை, கையில் வளையல் சத்தம் ஓயவில்லை, அதற்குள் இந்தச் சேதி. மாப்பிள்ளைக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஃபேப்ரிகேஷன் வேலை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவர், ஸ்கேன் கவரை எடுத்துக்கொண்டு நேரே என் வாசலுக்கு வந்துவிட்டார். குழந்தைகள் அறுவை சிகிச்சை வார்டில் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். தெருவுக்குள் எந்த ரிப்போர்ட் வந்தாலும் என் திண்ணையில் ஒருமுறை உட்கார்ந்துவிட்டுத்தான் போகும்.

கவரைப் பிரித்துப் பார்த்தேன். 28 வாரம். பனிக்குட நீர் அளவுக்கு மேல். அதற்குக் கீழே 'டபுள் பபிள்' என்று இரண்டு சொல். முன்சிறுகுடல் அடைப்பாக இருக்கலாம், குழந்தைகள் அறுவை சிகிச்சை மருத்துவரைப் பாருங்கள் என்று கடைசி வரி.

"முதல்ல டீயைக் குடிங்க தம்பி. தண்ணிக் கணக்கை அப்புறம் பாப்போம்" என்றேன். இஞ்சி கொஞ்சம் தூக்கலாகத்தான் விழுந்துவிட்டது.

பனிக்குடத்தில் இருப்பது அம்மா சொம்பில் குடித்த தண்ணீர் நேராக இறங்கித் தேங்கியது என்றுதான் ஊரில் பாதிப் பேர் நினைக்கிறார்கள். நாலு மாதம் தாண்டிவிட்டால் அதில் பெரும்பங்கு பிள்ளையின் சிறுநீர். சொன்னதும் மாப்பிள்ளை டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். முகம் சுளிக்க ஒன்றுமில்லை. பிள்ளையின் கழிவையெல்லாம் நஞ்சுக்கொடி வழியாக அம்மாவின் ரத்தம் வாங்கிக்கொண்டு போய்விடுகிறது. மிச்சம் ஏறக்குறைய வெறும் தண்ணீர். அதைப் பிள்ளை திரும்பக் குடிக்கிறது. குடல் உறிஞ்சி ரத்தத்தில் சேர்க்கிறது, சிறுநீரகம் வடிகட்டி வெளியே விடுகிறது, மறுபடி குடிக்கிறது. மூன்றாம் மாதக் கடைசியிலேயே விழுங்கத் தொடங்கிவிடும், அப்போது சொட்டுக் கணக்கு. நிறைமாதத்தில் ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல். 34 வாரத்தில் பனிக்குடத்தில் இருக்கும் மொத்தத் தண்ணீரே சுமார் 800 மில்லிதான் என்றால், பிள்ளை எவ்வளவு பெரிய குடிகாரன் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் செம்பரம்பாக்கம் ஏரி. முழு உயரம் 24 அடி. வரத்து வந்துகொண்டே இருக்கும்போது மதகைத் திறக்காமல் வைத்தால் என்ன ஆகும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பனிக்குடத்துக்கு வரத்து, பிள்ளையின் சிறுநீர். மதகு, பிள்ளையின் வாய். விழுங்கிய தண்ணீர் போகிற வழியில் மேல்பாகத்தில் எங்கேயாவது அடைப்பு என்றால் ஏரி ஏறும்.

"அப்ப அவ குடிக்கிற தண்ணிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையா?"

"இந்த அடைப்புக்கும் அவ சொம்புக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவளைக் காயப்போட்டா அவளுக்குத்தான் தலை சுத்தும்."

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். பனிக்குட நீர் கூடிவிட்டது என்றாலே குடல் அடைப்பு என்று அர்த்தமில்லை. பல பேருக்குக் காரணமே தெரியாது. தெரிகிற காரணங்களில் முன்வரிசையில் நிற்பது அம்மாவின் சர்க்கரை. அம்மாவின் ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் பிள்ளைக்கும் ஏறும், பிள்ளை நிறைய சிறுநீர் விடும், தண்ணீர் கூடும். கர்ப்பிணிக்கு வெறும் வயிற்றில்தான் சோதனை என்ற கட்டாயத்தை எடுத்துவிட்டு, எப்போது வந்தாலும் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம் எடுத்தால் போதும், 140ஐத் தொட்டாலே சர்க்கரை என்ற முறையை இந்தியா முழுக்கக் கொண்டுபோனவர் நம் சென்னை டாக்டர் வி. சேஷையா. காலையில் பஸ் பிடித்து வரும் பெண்ணைப் பட்டினி போடாமல் சோதிக்கலாமே என்ற யோசனைக்குப் பின்னால், பஸ் பிடித்து வருகிற பெண்களைப் பார்த்த ஒரு மனிதர் இருக்கிறார். இந்தப் பெண்ணுக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்தச் சோதனை செய்திருந்தார்கள். 112. சர்க்கரையைக் கழித்துவிடலாம்.

மாப்பிள்ளைக்கு இப்போது அசல் கோபம் வந்தது. "அஞ்சாம் மாசம் இதே மாதிரி ஒரு எடத்துல ஒரு மணி நேரம் பாத்தாங்க. எல்லாம் நார்மல்னு எழுதிக் குடுத்தாங்க. இப்ப இதைச் சொன்னா, அப்ப பாத்தது பொய்தானே? ஸ்கிரீனைக்கூட எங்க பக்கம் திருப்பல."

ஸ்கிரீன் விஷயம் சின்னது. 1994இல் வந்து 1996 முதல் நடைமுறையில் இருக்கும் பாலினத் தேர்வுத் தடைச் சட்டத்துக்குப் பயந்தே பல மருத்துவர்கள் ஸ்கிரீனைத் திருப்புவதில்லை, வாயையும் திறப்பதில்லை. ஆணா பெண்ணா என்று சொல்லிவிட்டதாக யாராவது கிளப்பிவிட்டால் மெஷினுக்கே சீல். பெண் பிள்ளைகளைக் காப்பாற்ற வந்த சட்டம், தேவையான சட்டம்தான். ஆனால் அந்த மௌனத்தைப் பார்த்து 'என்னவோ மறைக்கிறார்கள்' என்று நினைக்கிற குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பிள்ளையின் வயிற்றைப் பற்றிப் பேசச் சட்டத்தில் எந்தத் தடையும் இல்லை. கேளுங்கள், சொல்வார்கள்.

பொய்யா என்ற கேள்விதான் பெரியது. அதற்கு அவருடைய வேலையையே பிடித்தேன்.

"உங்க ஷாப்ல வெல்டிங் சரியா இருக்கான்னு எப்படிப் பாப்பீங்க தம்பி?"

"யூ.டி. வெப்பாங்க. மேல பேஸ்ட் தடவி ப்ரோபை ஓட்டுவாங்க. உள்ள விரிசல் இருந்தா எக்கோ காட்டும்."

"வயித்துல ஜெல் தடவி ஓட்டினாங்களே, அது அதே மெஷினோட பேரன்."

உபசாரத்துக்குச் சொன்ன பேச்சில்லை. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் அயன் டொனால்ட் என்ற மகப்பேறு பேராசிரியர் 1955இல், அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டிகளைக் கார் டிக்கியில் போட்டுக்கொண்டு பாய்லர் செய்யும் ஒரு தொழிற்சாலைக்குப் போனார். உலோகத்தில் விரிசல் தேடும் கருவியை அந்தக் கட்டிகள்மேல் வைத்துப் பார்த்தார். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மாட்டிறைச்சித் துண்டும் கூடவே இருந்ததாம். திடமான கட்டிக்கும் தண்ணீர் நிறைந்த கட்டிக்கும் எதிரொலி வேறுவேறாக வந்தது. பிறகு இருபதுகளில் இருந்த டாம் பிரவுன் என்ற பொறியாளரும் ஜான் மெக்விகார் என்ற மருத்துவரும் சேர்ந்துகொள்ள, 1958இல் லான்செட் இதழில் அவர்கள் எழுதிய கட்டுரையிலிருந்துதான் இன்று நாம் பார்க்கும் ஸ்கேன் கிளம்பியது.

அன்றைக்கு டொனால்ட் கண்ட வித்தியாசத்தை வைத்துத்தான் இன்றும் ஸ்கேன் ஓடுகிறது. தண்ணீர் ஒலியைத் திருப்பி அனுப்பாது, அதனால் கறுப்பு. எலும்பு பெருமளவு திருப்பி அனுப்பும், அதனால் வெள்ளை. சதையெல்லாம் நடுவில் சாம்பல். சின்னப் பிள்ளையின் குடல், காற்றில்லாத சைக்கிள் ட்யூப் மாதிரி சப்பென்று ஒட்டிக் கிடக்கும் சாம்பலுக்குள் சாம்பல். அதன் ஓட்டையை, மடிப்பை, அடைப்பை நேராகப் பார்ப்பது ஆகாத காரியம். மருத்துவர் பார்ப்பது கறுப்பை. இடது பக்கம் இரைப்பை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புப் பொட்டு இருக்கிறதா? 14 வாரத்துக்குள் அது தெரிய ஆரம்பிக்க வேண்டும். இருக்கக்கூடாத இடத்தில் வேறு கறுப்பு இருக்கிறதா? சுற்றியிருக்கும் கறுப்பு எவ்வளவு? குடலைப் பற்றிய ஸ்கேன் என்பது பிள்ளை குடித்த தண்ணீர் எங்கே போய் நிற்கிறது என்று பின்தொடர்கிற வேலை.

இனி ஐந்தாம் மாதக் கதைக்கு வாருங்கள். இரைப்பையைத் தாண்டியதும் வருவது முன்சிறுகுடல். அங்கே அடைப்பு இருந்தால் தண்ணீர் இரைப்பையில் ஒரு குமிழி, அடைப்புக்கு முன்னால் வீங்கிய முன்சிறுகுடலில் இன்னொரு குமிழி என்று நிற்கும். நடுவே இரைப்பையின் வாசல் இடுப்பு மாதிரி ஒடுங்கியிருக்கும். அதுதான் டபுள் பபிள். ஆனால் 19, 20 வாரத்தில் பிள்ளை குடிப்பது கொஞ்சம். வீங்க வைக்கப் போதாது. அடைப்பு அன்றைக்கும் இருந்தது, அதைக் காட்டிக்கொடுக்கத் தண்ணீர்தான் இன்னும் சேரவில்லை. பெரும்பாலும் இது கண்ணில் படுவது ஆறாம் மாதத்துக்கு மேல்தான். அதற்கும் கீழே, சிறுகுடலின் நடுவிலோ கடைசியிலோ அடைப்பு என்றால் இன்னும் தாமதம். ஏழு, எட்டு மாதத்தில்தான் சங்கிலிபோல வீங்கிய குடல் வளையங்கள் தெரியும்.

"அப்ப அவங்க எழுதின நார்மலுக்கு என்ன அர்த்தம்?"

"அன்னிக்கு அந்த ப்ரோபுக்குத் தெரிஞ்ச அளவுல விரிசல் இல்லைன்னு அர்த்தம். உங்க யூ.டி. ஆளும் அப்படித்தானே கையெழுத்துப் போடறார்?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. டீயை முடித்தார். அந்த ஒப்பீடு அவருக்கு உள்ளே போய்விட்டது என்று தெரிந்தது. ஸ்கேன் சென்டர்காரரை நான் முழுக்க விட்டுக்கொடுத்துப் பேசவும் இல்லை, தூக்கிப்பிடிக்கவும் இல்லை. ஒரு பிள்ளைக்கு அரை மணி ஒதுக்கிப் பார்க்கிறவரும் உண்டு, ஐந்து நிமிஷத்தில் அனுப்புகிறவரும் உண்டு. கருவின் ஸ்கேனை ஒரு தனிப் படிப்பாகவே வளர்த்த ஊர் இது. மயிலாப்பூர் மெடிஸ்கானில் டாக்டர் எஸ். சுரேஷும் அவரோடு இருந்தவர்களும் பயிற்சி கொடுத்து அனுப்பிய மருத்துவர்கள் நாடு முழுக்க இருக்கிறார்கள். பிறவிக் குறைகளுக்கென ஒரு பதிவேட்டையும் அங்கிருந்தே தொடங்கி நடத்தினார்கள். ஆனால் எவ்வளவு கெட்டிக்காரர் கையிலும் தண்ணீர் சேராத இடத்தில் குமிழி வராது.

ஸ்கேனுக்குப் பிடிபடாமல் நழுவுகிறவை இரண்டு உண்டு. வார்டில் இருந்தவள் என்பதால் எனக்கு அவற்றின்மேல் தனிக் கோபம்.

ஒன்று உணவுக்குழாய் அடைப்பு. மூவாயிரம் பிள்ளைகளில் ஒன்றுக்கு என்று வைத்துக்கொள்ளலாம். தொண்டையிலிருந்து இறங்கும் குழாய் பாதியில் முடிந்து பை மாதிரி மூடியிருக்கும். அப்படியானால் இரைப்பைக்குத் தண்ணீர் போகாது, கறுப்புப் பொட்டே தெரியாது, சுலபமாகப் பிடித்துவிடலாம் என்றுதானே தோன்றும்? இயற்கை அங்கே ஒரு திருட்டுக் கால்வாய் வெட்டியிருக்கும். இந்தப் பிள்ளைகளில் நூற்றுக்கு எண்பத்தைந்து பேருக்கு உணவுக்குழாயின் கீழ்த்துண்டு மூச்சுக்குழாயில் போய் ஒட்டியிருக்கும். தண்ணீர் அந்த வழியாகச் சுற்றிக்கொண்டு இரைப்பைக்கு வந்துவிடும். ஸ்கேனில் பொட்டு இருக்கும், நார்மல் என்று எழுதுவார்கள். பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் பிறந்த பிறகுதான் பிடிபடுகிறார்கள். பிறந்த பிள்ளைக்குத் துடைக்கத் துடைக்க வாயில் நுரை வந்துகொண்டே இருந்தால் சீம்பால்கூடக் கொடுக்காமல் முதலில் ஒரு ட்யூபை வாய் வழியாக விட்டுப் பார்க்க வேண்டும். பத்து சென்டிமீட்டரில் முட்டி நின்றால் விஷயம் முடிந்தது. எங்கோ ஒரு நர்சிங் ஹோமில், நுரையைப் பார்த்த பிறகும் பாட்டி ஆசைப்பட்டாள் என்று சர்க்கரைத் தண்ணீர் நனைத்து வைக்க விட்டிருந்தார்கள். நீலம் பாரித்து எங்களிடம் வந்த பிள்ளை பிழைத்தது. ஆனால் நெஞ்சுச் சளியோடு மூன்று வாரம் போராடித்தான்.

இன்னொன்று ஆசனவாய் இல்லாமல் பிறப்பது. ஐயாயிரத்தில் ஒன்று. அடைப்பு கடைசி முனையில் இருப்பதால் அதற்கு மேலே உள்ள குடலெல்லாம் தண்ணீரை உறிஞ்சிவிடும். குமிழி இல்லை, பனிக்குடம் ஏறாது. தேடினால் ஸ்கேனில் பார்க்க முடியும், தேடுகிறவர்கள் குறைவு. இதற்கு நல்ல கருவி பிரசவ அறைச் செவிலியின் கண்தான். பிறந்ததும் பிள்ளையைக் கவிழ்த்து ஒரு நொடி பார்ப்பது. அந்த ஒரு நொடியை விட்டுவிட்டு, மூன்றாம் நாள் வயிறு பலூனாக உப்பிய பிறகு தூக்கிக்கொண்டு ஓடி வந்தவர்களை எண்ணினால் என் கைவிரல் போதாது.

தொப்புள் வழியாகக் குடல் வெளியே வருவது வேறு சங்கதி, அது ஸ்கேனில் நன்றாகவே தெரியும். அதிலும் ஒரு வேடிக்கை. நம் எல்லோருடைய குடலும் ஒரு காலத்தில் வெளியேதான் இருந்தது. இரண்டாம் மாதத்தில் வயிற்றுக்குள் இடம் போதாமல் தொப்புள்கொடிக்குள் வெளிநடப்பு செய்து, அங்கே வளர்ந்து, முறுக்கிச் சுழன்று, 12 வாரத்துக்குள் திரும்ப உள்ளே வந்து படுத்துக்கொள்ளும். அதனால் அதற்கு முன் எடுத்த ஸ்கேனில் தொப்புளில் சின்னப் புடைப்பைப் பார்த்து யாரும் அலறக் கூடாது.

"சிஸ்டரம்மா, அவ பப்பாளி சாப்டா. மூணாம் மாசம்னு தெரியாம. அத்தை அதையே சொல்லிச் சொல்லி…"

இந்தக் கேள்வி வரும் என்று காத்துக்கொண்டுதான் இருந்தேன். பப்பாளி, கிரகணம், மாடியேறியது, ஏதாவது ஒன்று வராமல் இருக்காது. வருவது எப்போதும் பெண் பக்கமாகவே வரும். முன்சிறுகுடல் ஆரம்பத்தில் ஓட்டையுள்ள குழாயாக இருந்து, இரண்டாம் மாத வாக்கில் உள்ளே செல்கள் வளர்ந்து அடைந்து, திரும்பக் குடைந்துகொண்டு திறக்கும் என்பது 1900 முதல் சொல்லப்படும் விளக்கம். திறக்காமல் நின்றுவிட்டால் அடைப்பு. அது நடக்கிற நேரத்தில் அவள் நாள் தள்ளிப்போனதையே அப்போதுதான் எண்ணிக்கொண்டிருப்பாள்.

கீழ்ச் சிறுகுடல் அடைப்புக்குக் காரணம் வேறு. அதைக் கண்டுபிடித்த இருவரில் ஒருவரின் பெயர் உங்களுக்கே தெரிந்திருக்கும். 1967இல் மனிதரிடமிருந்து மனிதருக்கு முதல் இதய மாற்று அறுவை செய்த கிறிஸ்டியன் பர்னார்டு. அதற்கு முன்பே தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் ஜான்னி லோ என்ற அறுவை மருத்துவரோடு சேர்ந்து, நாயின் கருப்பையில் இருந்த குட்டிகளுக்குக் குடலுக்குப் போகும் ரத்தக்குழாயைக் கட்டிவிட்டு, திரும்பக் கருப்பைக்குள் வைத்துத் தைத்தார். பிறந்த குட்டிகளுக்கு, ரத்தம் போகாத இடத்தில் குடல் அற்றுப்போயிருந்தது. 1955இல் வெளியிட்டார்கள். எங்கோ ஒரு சின்ன ரத்தக்குழாய் அடைபட்ட விபத்து. அதில் பப்பாளிக்கு இடமில்லை. "இதை அத்தைகிட்ட நானே வந்து சொல்றேன்" என்றேன்.

அடுத்து சொல்ல வேண்டியது கஷ்டமானது. இரண்டாம் டீ வைத்துவிட்டு வந்து சொன்னேன். முன்சிறுகுடல் அடைப்பு உள்ள பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கும். அதனால்தான் பனிக்குட நீரை ஊசியில் எடுத்துக் குரோமோசோம் பார்க்கலாமா என்று கேட்பார்கள். பிள்ளையின் இதயத்தையும் தனியாக எக்கோ எடுக்கச் சொல்வார்கள். அதை அவசரம் அவசரமாக நின்ற இடத்தில் சொல்லிவிட்டுப் போகிற மருத்துவர்மேல் எனக்கு வருத்தம் உண்டு, இது உட்கார்ந்து சொல்ல வேண்டிய விஷயம். மூன்றில் இரண்டுக்கு அது இல்லை. இருந்தாலும் அடைப்பைச் சரிசெய்கிற அறுவை ஒன்றுதான். கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தப்படி 24 வாரத்துக்கு மேல் என்றால் கடுமையான குறை இருக்கிறதென்று மாநில மருத்துவக் குழு பார்த்துச் சொல்ல வேண்டும். அவர் அதைக் கேட்கவில்லை. தெரிந்திருக்கட்டும் என்று சொன்னேன். வாசல் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டே, "எங்க பெரியப்பா பையன் ஒருத்தன் அப்படி. நல்லா சிரிப்பான்" என்றார். மேலே நானும் பேசவில்லை.

அறுவையைப் பற்றிப் பேசும்போதுதான் அவர் முகத்தில் கொஞ்சம் ரத்தம் வந்தது. பிறந்த நிமிஷமே கத்தி வைக்கும் அவசரம் இதில் இல்லை. வாய்வழி எதுவும் கொடுக்காமல், மூக்கில் ட்யூப் போட்டு இரைப்பையை வடியவிட்டு, குளிர் படாமல் வைத்து, டிரிப் ஏற்றி, ஓரிரு நாளில் அறுவை. அடைப்புக்கு மேலும் கீழும் உள்ள குடலைத் திறந்து ஒன்றோடொன்று சேர்த்துத் தைப்பார்கள். மதகு அடைத்த இடத்தைச் சுற்றி ஒரு புதுக் கால்வாய். நல்ல வசதியுள்ள இடங்களில் பத்தில் ஒன்பது பிள்ளைக்கு மேல் பிழைக்கிறார்கள். ட்யூபில் பச்சையாக வந்தது வெளுத்து, குறைந்து, பிறகு பாலை மில்லிக் கணக்கில் தொடங்குவார்கள். அந்தப் பச்சை வெளுக்கும் நாளுக்காக வார்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் அப்பாக்களை எனக்கு நன்றாகத் தெரியும்.

ஸ்கேன் முன்கூட்டியே சொன்னதால் கிடைத்த லாபமெல்லாம் இதற்குத்தான். தெரியாமல் பிறந்திருந்தால் பால் கொடுத்து, பச்சையாக வாந்தி எடுத்து, நீர்ச்சத்து வற்றிய பிறகு ஆம்புலன்ஸில் ஓட வேண்டியிருக்கும். இப்போது அம்மாவின் வயிற்றிலேயே வைத்து நிதானமாகக் கொண்டுபோகலாம். அதைவிடப் பாதுகாப்பான ஆம்புலன்ஸ் இன்னும் வரவில்லை. இந்த அடைப்புக்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை. பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவும் குழந்தைகள் அறுவை மருத்துவரும் உள்ள இடத்தில் பிரசவம் ஆக வேண்டும், அவ்வளவுதான். எழும்பூரில் 1844இல் தொடங்கிய அரசு மகப்பேறு மருத்துவமனையும், குழந்தைகள் நல மருத்துவமனையும் பக்கம்பக்கமாகவே இருக்கின்றன. இங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர், பூந்தமல்லி நெடுஞ்சாலையைப் பிடித்தால் நேரே கொண்டுபோய் விடும். தனியாரில் என்றால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை அங்கே செல்லுமா என்று பிரசவத்துக்கு முன்பே கேட்டு வைக்க வேண்டும்.

தண்ணீர் அதிகமாக இருப்பதால் கருப்பை இழுபட்டு வலி முன்கூட்டியே வரலாம். பனிக்குடம் திடீரென்று உடைந்தால் கொடி முன்னால் நழுவி இறங்கிவிடும் ஆபத்தும் உண்டு. உடைந்தால் நடக்க விடக்கூடாது, இடது பக்கம் படுக்கவைத்து 108ஐக் கூப்பிட வேண்டும். தாய்வீட்டிலேயே இருக்கட்டும், ஆனால் பையைக் கட்டி வாசல்பக்கம் வைத்துவிடுங்கள்.

ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் அவர் எழுதிக்கொண்டார். இதய எக்கோ எப்போது, குரோமோசோம் சோதனை செய்வதா, அறுவை மருத்துவரைப் பிரசவத்துக்கு முன்பே ஒருமுறை பார்க்க முடியுமா. கையெழுத்து வெல்டிங் டிராயிங்கில் எழுதுவதுபோல் பெரிய பெரிய எழுத்தாக இருந்தது.

எழுதி முடித்ததும் போனை எடுத்து, எதிர்வரிசையில் நாலு வீடு தள்ளி இருக்கும் மனைவிக்கே போட்டார்.

"ஏய், மொதல்ல தண்ணி குடி. ரெண்டு சொம்பு குடி. அத்தை ஏதாவது சொன்னா சிஸ்டரம்மாகிட்ட பேசச் சொல்லு."

உள்ளே போய் நான் அடுப்பை அணைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டேன். அத்தை எப்படியும் கேட்க மாட்டாள், நேரில்தான் போக வேண்டும்.